முதல் வேட்டைத் துவக்கை மாற்றுவதா, வைத்திருப்பதா? ஒன்ராறியோவில் புதிதாக வேட்டைக்குப் போவோருக்கு

கனடாவில் நான் வாங்கிய முதல் துவக்கு .300 வின்செஸ்ரர் மக்னம் என்ற பெரிய ரவையைச் சுடும் ரைபிள். பழையது, ஸ்கோப்போடு (குறிபார்க்கும் தொலைநோக்கியோடு) 900 டொலர். விற்றவர், "இது ஒன்று கையில் இருந்தால் மானுக்கும் ஆகும், மூஸுக்கும் ஆகும், கரடிக்கும் ஆகும்" என்றார். மூஸ் என்பது இங்குள்ள மிகப் பெரிய மான் வகை. அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் நான் மான் கண்ட இடமெல்லாம் மரங்களுக்கு நடுவே ஐம்பது, அறுபது மீற்றர் தூரம்தான். அந்தத் தூரத்துக்கு அந்த ரவை, கோழி அறுக்கக் கோடரி தூக்கியது போல. முதல் பருவத்தில் ஒரு மானைத் தவறவிட்டேன். அடுத்த பருவத்தில் விசையை இழுக்கவே தோள் கூசியது. பிறகு அந்தத் துவக்கை மாற்றுவதற்கு ஏழு மாதம் அலைந்தேன். அலைந்ததில் பாதி, முன்பே தெரிந்திருந்தால் தேவைப்பட்டிருக்காது.

எழுதுவது ஒன்ராறியோவை மனத்தில் வைத்து. துவக்கு அனுமதி பற்றிய பகுதிகள் மத்திய அரசின் சட்டம் என்பதால் மற்ற மாகாணங்களுக்கும் பொருந்தும். வேட்டை விதிகள் அப்படியல்ல, மாகாணத்துக்கு மாகாணம் மாறும்.

1. வேறு எதற்கும் முன் உங்கள் அட்டையை எடுத்துப் பாருங்கள்

பிஏஎல் என்று எல்லோரும் சொல்லும் அந்த அட்டைதான் துவக்கு வைத்திருக்கவும் வாங்கவும் உங்களுக்குள்ள அனுமதி. ஐந்து வருடங்களுக்குச் செல்லும். முடியும் திகதி அட்டையிலேயே இருக்கும். திகதி கடந்துவிட்டால், சாதாரண வேட்டைத் துவக்குகளைப் பொறுத்தவரை ஆறு மாதச் சலுகைக் காலம் உண்டு. ஆனால் அந்தச் சலுகை கையில் இருப்பதை வைத்திருப்பதற்கு மட்டுமே. சுட முடியாது, ரவை வாங்க முடியாது, இன்னொரு துவக்கை வாங்கவும் முடியாது. மாற்றிக்கொள்வதும் வாங்குவதுதான்.

வீடு மாறியவர்கள் 30 நாட்களுக்குள் புதிய முகவரியை அறிவித்திருக்க வேண்டும். நம்மவர்களில் பலர் முதல் ஐந்து வருடத்தில் மூன்று வீடு மாறுகிறவர்கள். ஸ்காபரோ நிலவறையில் இருந்தபோது எடுத்த அட்டை, ஏஜாக்ஸில் வீடு வாங்கிய பிறகும் பழைய முகவரியிலேயே கிடக்கும். புதுப்பிக்கும் கடிதமும் அங்கேதான் போகும்.

இன்னும் அட்டையே எடுக்காதவர் இப்போதைக்கு எந்தத் துவக்குக்கும் பேச்சுக் கொடுக்க வேண்டாம். முதலில் பாதுகாப்புப் பயிற்சி வகுப்பு. எழுத்திலும் செய்முறையிலும் 80 வீதம் எடுக்க வேண்டும். அதன் பிறகு விண்ணப்பம். முதன்முறை விண்ணப்பிப்பவருக்குச் சட்டப்படியே குறைந்தது 28 நாள் காத்திருப்பு உண்டு. நடைமுறையில் அதற்கு மேலும் ஆகும். விண்ணப்பத்தில் மனைவி அல்லது கணவரின் கையொப்பத்துக்கு ஓர் இடம் இருக்கிறது. அது வெறுமையாக இருந்தால் அலுவலகமே அவருக்கு அறிவிக்கும். வீட்டில் பேசாமல் விண்ணப்பம் அனுப்ப நினைப்பது நடக்காது.

2. குறை துவக்கிலா, உங்களிலா என்று கண்டுபிடியுங்கள்

மாற்ற வேண்டும் என்று நினைத்தபோது நான் ஊரெல்லாம் சொன்ன காரணம், "துவக்கு நேராகச் சுடுவதில்லை" என்பதுதான். நூறு யார் தூரத்தில் மூன்று வெடி வைத்தால் ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம், மூன்றாவது கடதாசியிலேயே இருக்காது. ஒருநாள் சுடுதளத்தில் பக்கத்து மேசையில் இருந்த ஒரு வெள்ளைக்கார முதியவர் எழுந்து வந்தார். ஒன்றும் சொல்லாமல் என் ஸ்கோப்பைக் கையால் பிடித்து ஆட்டினார். ஆடியது.

ஆகவே முதல் வேலை திருப்புளி வேலை. ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் வளையங்கள், அவை உட்கார்ந்திருக்கும் தளம், சோங்கையும் (தோளில் வைக்கும் கட்டைப் பகுதி) இரும்பையும் இணைக்கும் அடித்திருகுகள் ஆகிய மூன்றையும் பாருங்கள். கைப்பலத்தால் திருகி இறுக்காமல், தயாரிப்பாளர் சொல்லும் அளவுக்கு இறுக்கும் அளவுத் திருப்புளியைப் பயன்படுத்துங்கள். நான் 60 டொலருக்கு ஒன்று வாங்கினேன். இல்லாவிட்டால் துவக்குத் திருத்துபவரிடம் கொடுத்தால் சிறு கூலிக்குச் செய்து தருவார்.

இரண்டாவது, ரவை. ஒரே துவக்கு ஒரு வகை ரவையில் ஓர் அங்குல வட்டத்துக்குள் சுடும், இன்னொரு வகையில் மூன்று அங்குலம் சிதறும். குண்டின் எடை மாறினால் குறியும் மாறும். குறைந்தது மூன்று வகை ரவைகளைச் சுட்டுப் பார்க்காமல் குழலைக் குறை சொல்லாதீர்கள்.

மூன்றாவதுதான் நாம் ஒப்புக்கொள்ள விரும்பாதது. திருகுகளை இறுக்கிய பிறகும் என் வெடிகள் கீழேயே போயின. அந்த முதியவர் ஒரு விளையாட்டுக் காட்டினார். ரவையை ஒவ்வொன்றாக அவரே ஏற்றித் தந்தார். சில உண்மையான ரவை, சில மருந்தில்லாத போலி ரவை. எது எது என்று எனக்குத் தெரியாது. போலி ரவை வந்த முறை விசையை இழுத்தேன். வெடிக்கவில்லை. ஆனால் குழலின் வாய் நிலத்தை நோக்கி ஒரு சாண் இறங்கியது. உதை வரப்போகிறது என்று என் உடம்பு முன்கூட்டியே குனிந்துகொண்டிருந்திருக்கிறது! கண்ணை வேறு மூடியிருக்கிறேன். இந்தச் சோதனைக்குச் செலவு ஒரு பெட்டி போலி ரவை மட்டுமே. துவக்கை மாற்ற நினைக்கும் ஒவ்வொருவரும் இதைச் செய்தே ஆக வேண்டும்.

உதைதான் சிக்கல் என்று தெரிந்தாலும் உடனே மாற்றத் தேவையில்லை. சோங்கின் முனைக்கு நல்ல இறப்பர் மெத்தை போடலாம். எனக்கு 45 டொலர் ஆனது. சோங்கு நீளமாக இருந்தால் வெட்டிக் குறைக்கலாம். இங்கே கடைகளில் உள்ள சோங்குகளின் நீளம் பெரும்பாலும் பதின்மூன்றரை அங்குலத்தை ஒட்டியிருக்கும். ஐந்தடி ஐந்து அங்குலம் உள்ளவர் நவம்பர் குளிருக்கு இரண்டு மேலங்கி போட்டுக்கொண்டு அதைத் தோளில் வைத்தால் கண் ஸ்கோப்புக்கு எட்டாது. எட்டிப் பிடிப்பதற்காகக் கழுத்தை நீட்டுவார். ஸ்கோப் வந்து புருவத்தில் இடிக்கும். இதைத் துவக்கின் குறை என்று நினைத்து இன்னொன்றை வாங்கினால், அதுவும் இதே நீளத்தில்தான் இருக்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் போலி ரவைக்குக் குழல் குனிகிறதா? அப்படியானால் மாற்றுங்கள். ஒரே எடையுள்ள துவக்குகளில் .300 மக்னத்தின் உதை, .308 என்ற சிறிய ரவையின் உதையைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அதைப் பழக்கத்தால் வெல்லலாம் என்பார்கள். வெல்லலாம்தான். வருடத்துக்கு நானூறு ரவை சுடுகிறவர் வெல்வார்.

3. எங்கே, எதை, எவ்வளவு தூரத்தில்

மாற்றுத் துவக்கைத் தேடும் முன் நீங்கள் வேட்டைக்குப் போகும் பகுதியின் இலக்கத்தை மாகாண வேட்டை விதிப் புத்தகத்தில் தேடுங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, ஒவ்வொரு வருடமும் புதிதாக வரும். போன வருடப் புத்தகத்தை நம்ப வேண்டாம்.

தெற்கு ஒன்ராறியோவின் பல பகுதிகளில் மான் பருவத்தில் ரைபிளுக்கே அனுமதி இல்லை. ஷொட்கன் அல்லது வாய்வழி மருந்திடும் துவக்கு, அதாவது வன்னியில் நாம் இடியன் என்று சொன்னதன் நவீன உறவினன், இவை மட்டும்தான். ரொறன்ரோவில் இருந்து ஒரு மணி நேர ஓட்டத்தில் வேட்டையாட நினைப்பவர் ஒரு ரைபிளைக் கொடுத்து இன்னொரு ரைபிளை வாங்குவதில் பொருளே இல்லாமல் போகலாம். அதோடு, தெற்கிலுள்ள பல மாவட்டங்களில் .275 காலிபருக்கு (குழல் விட்ட அளவுக்கு) மேற்பட்ட ரைபிளைக் கொண்டு திரிவதற்கே கட்டுப்பாடு இருக்கிறது. மான் பருவத்துக்கு விதிவிலக்குகள் உண்டு. மற்ற மாதங்களில் கயோட்டி (சிறு ஓநாய் போன்ற விலங்கு) சுடுவதற்கும் அதே துவக்குத்தான் என்று நினைப்பவருக்கு இந்த எண் முக்கியம். .243, 6.5 கிரீட்மோர் என்ற சிறிய ரவை வகைகள் இரண்டும் இந்த எல்லைக்குள் வரும், .308 வராது.

மூஸ் பற்றி ஒரு சொல். "மூஸுக்கும் ஆக வேண்டும்" என்பதுதான் புதியவர்களைப் பெரிய மக்னம் வாங்க வைக்கும் மந்திரம். ஒன்ராறியோவில் மூஸுக்கான அனுமதிச் சீட்டு புள்ளி முறைப்படி ஒதுக்கப்படுகிறது. புள்ளி சேர்ந்து நல்ல பகுதியில் சீட்டுக் கிடைக்கச் சில வருடம் காத்திருக்க வேண்டி வரலாம். அந்த ஒரு வாரத்துக்காக மற்ற வருடமெல்லாம் தோளை இடித்துக்கொள்ள வேண்டாம். கிடைத்தாலும், சரியான குண்டோடு .308-உம் .30-06-உம் மூஸுக்குத் தாராளமாகப் போதும்.

என் கருத்தைக் கேட்டால், ஒன்ராறியோக் காட்டுக்கு முதல் துவக்காக .308. உதை தாங்காதவருக்கு 6.5 கிரீட்மோர். நெருக்கமான புதருக்குள் நடந்து வேட்டையாடுபவரிடம் ஏற்கெனவே .30-30 இருந்தால் அதைக் கொடுத்துவிட வேண்டாம். நூற்றைம்பது மீற்றருக்கு மேல் அது நல்லதல்ல. ஆனால் அங்கே அவ்வளவு தூரத்துக்குக் கண்ணே போகாது. என் மைத்துனர் அப்படி ஒன்றைக் கொடுக்கத் துடித்தார். தூரம் சுட வேண்டுமாம். வருடத்துக்கு எத்தனை மானை நூறு மீற்றருக்கு அப்பால் கண்டீர்கள் என்று கேட்டேன். யோசித்தார். துவக்கு இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.

ஊரில் பொலிஸ்காரர் தோளில் பார்த்த அதே .303 லீ என்பீல்ட், சோங்கு செதுக்கப்பட்ட நிலையில் இங்கே பழைய துவக்குக் கடைகளில் கிடக்கும். பழைய நினைவில் வாங்கத் தோன்றும். வேட்டைக்கு நல்ல துவக்குத்தான். ஆனால் போல்ட்டின் (ரவையை அறைக்குள் தள்ளிப் பூட்டும் இரும்புத் தண்டின்) இலக்கமும் உடலின் இலக்கமும் ஒன்றா என்று பார்க்காமல், ரவை அறையின் இடைவெளியை ஒரு திருத்துநர் அளக்காமல் எடுக்காதீர்கள்.

4. கடன் வாங்கிச் சுடுங்கள்

பிஏஎல் அட்டை உள்ளவருக்கு இன்னொருவர் தன் வேட்டைத் துவக்கைக் கடன் கொடுக்கலாம். சட்டம் இதற்கு இடம் தருகிறது. இதை அறியாமல் கடையில் தோளில் வைத்துப் பார்த்ததை மட்டும் நம்பி மாற்றுபவர்களே அதிகம். கழகச் சுடுதளத்தில் கேட்டால் தங்கள் துவக்கைச் சுட்டுப் பார்க்கத் தருகிற ஆட்கள் ஆச்சரியப்படும் அளவுக்கு இருக்கிறார்கள். ரவை மட்டும் நீங்கள் வாங்கிக்கொண்டு போங்கள். குளிர்கால மேலங்கியையும் எடுத்துப் போங்கள், யூலை மாதமாக இருந்தாலும்.

5. காசுக் கணக்கு

இந்த இடத்தில்தான் நான் அதிகம் தடுமாறினேன்.

முதல் வழி, கடையில் பழையதைக் கொடுத்து வேறொன்றை எடுப்பது. நான் கேட்ட கடையில் என் துவக்குக்கு 450 டொலர் தருவதாகச் சொன்னார்கள். புதிய .308 ஒன்றின் விலை 1,150. கடைக்காரரை நான் மனத்துக்குள் திட்டினேன். அவரும் வாடகை கட்டி, மாதக்கணக்கில் சுவரில் தொங்கவிட்டு விற்க வேண்டியவர் என்பதைப் பிறகுதான் யோசித்தேன். இதில் ஒரு நன்மை உண்டு, அதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. வணிகப் பதிவு இல்லாத சாதாரண ஆள் பழைய பொருளைக் கொடுத்துப் புதியதை எடுத்தால், ஒன்ராறியோவின் 13 வீத வரி மீதித் தொகைக்கு மட்டுமே. அதாவது 700 டொலருக்கு வரி 91. மொத்தம் கையில் இருந்து போவது 791. கொடுக்காமல் புதியதை மட்டும் வாங்கினால் வரியோடு 1,299.50. ஆகவே கடைக்காரர் தந்த 450 உண்மையில் 508.50-க்குச் சமம்.

இரண்டாவது வழி, தனியாருக்கு விற்றுவிட்டு வேறொன்றை வாங்குவது. 508.50 என்ற அந்த எண்ணை வைத்துக்கொண்டு பார்த்தால் முடிவு எளிது: தனியார் ஒருவர் அதற்கு மேல் எவ்வளவு தருகிறார்? எனக்கு 720 வரை கேள்வி வந்தது. வித்தியாசம் 211.50. அதற்காக நான்கு வாரம் தொலைபேசிக்குப் பதில் சொல்லி, வருகிறேன் என்று வராத இரண்டு பேருக்காகக் காத்திருக்க வேண்டுமா என்பது உங்கள் பொறுமையைப் பொறுத்தது. 50 டொலர் வித்தியாசம் என்றால் நான் கடைக்கே கொடுத்துவிடுவேன்.

மூன்றாவது, ஆளுக்கு ஆள் நேரடி மாற்று. இரு தனியாருக்கிடையில் கடை வரி இல்லை. நான் கடைசியில் செய்தது இதுதான். என் .300-ஐ ஸ்கோப் இல்லாமல் கொடுத்து, அவருடைய .308-ஐ ஸ்கோப் இல்லாமல் எடுத்து, மேலதிகமாக 60 டொலர் பெற்றேன். அவர் மேற்கு மாகாணம் ஒன்றுக்கு வேலை மாற்றலாகிப் போகிறவர். திறந்தவெளியில் முந்நூறு மீற்றர் சுட அவருக்கு மக்னம் தேவைப்பட்டது. இப்படி இருவரின் தேவையும் எதிரெதிராகப் பொருந்தினால்தான் நேரடி மாற்று நன்றாக அமையும். இருவரும் தங்கள் தலையிடியை மற்றவர் தலையில் கட்டப் பார்த்தால் அமையாது.

ஸ்கோப்பை எந்த வழியிலும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். 400 டொலர் ஸ்கோப்புக்குக் கடையில் கூடுதலாக ஐம்பதுகூடத் தரமாட்டார்கள். கழற்றி வையுங்கள். ஆனால் புதிய துவக்குக்கு அந்த வளையங்கள் பொருந்துமா என்று பாருங்கள். குழாய் ஓர் அங்குலமா, 30 மில்லிமீற்றரா என்பது ஒன்று. துவக்கின் மேற்புறத் தளம் எந்த வகை என்பது இன்னொன்று. டிக்கா ரி3எக்ஸ் போன்றவற்றில் மேற்புறத்திலேயே 17 மில்லிமீற்றர் பள்ளம் வெட்டியிருக்கும். வேறு துவக்கின் வளையம் அதில் உட்காராது. எனக்குப் புதிய தளமும் வளையமும் 95 டொலர் ஆனது. முதலில் போட்ட கணக்கில் இது இருக்கவில்லை.

ரவைச் செலவையும் எழுதுங்கள். நான் வாங்கிய .300 மக்னம் இருபது ரவைப் பெட்டி 78 டொலர், .308 பெட்டி 42. வருடத்துக்கு ஐந்து பெட்டி சுட்டால் 180 டொலர் மிச்சம். மாற்றுக்கான செலவு முழுவதும் ஒரு வருடத்திலேயே ஈடாகிவிட்டது. உங்களுக்குப் பெட்டிக்கு மூன்று நான்கு டொலர்தான் வித்தியாசம் என்றால் இந்தக் காரணத்தை வெட்டிவிடுங்கள். மிஞ்சியிருக்கும் பழைய ரவைகளை மறக்க வேண்டாம். அவற்றையும் அட்டை உள்ளவருக்குத்தான் கொடுக்கலாம்.

6. மற்றவரின் துவக்கைச் சோதிப்பது

போல்ட்டைக் கழற்றி, வெறுமை என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துவிட்டு, ரவை அறைப் பக்கத்தில் இருந்து சிறு விளக்கை அடித்துக் குழலுக்குள் பாருங்கள். குழலுக்குள் திருகாக வெட்டிய புரிகள் கூர்மையாக, மினுங்கலாக இருக்க வேண்டும். கருமையான சிறு பள்ளங்கள் இருந்தால் அது துருத் தின்ற இடம். குழல் வாயின் விளிம்பில் தட்டுப்பட்ட காயம் இருந்தால் குறி சிதறும். அதை வெட்டிச் சீர்செய்யலாம். செலவு உங்களுடையது என்று விலையில் கழியுங்கள். சோங்கில், போல்ட்டுக்குப் பின்னால் கை பிடிக்கும் மெல்லிய இடத்தில் மயிர் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். திருகுத் தலைகள் நசிந்திருந்தால் தெரியாதவர் யாரோ கைவைத்திருக்கிறார்.

குழலில் பொறித்துள்ள காலிபரை உங்கள் கண்ணால் வாசியுங்கள். தொடர் இலக்கம் தேய்க்கப்பட்டிருந்தால் அங்கேயே வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள். எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

பழைய ரெமிங்டன் 700 மாற்றுக்கு வந்தால் ஒன்றைக் கேளுங்கள். 2006 மே 1-இல் இருந்து 2014 ஏப்ரல் 9 வரை எக்ஸ்-மார்க் புரோ என்ற விசைப் பொறியோடு தயாரித்தவற்றை, விசையை இழுக்காமலே வெடிக்கக்கூடும் என்பதால் நிறுவனமே திருத்தத்துக்குத் திரும்ப அழைத்தது. திருத்தியாகிவிட்டதா என்று தெரியாவிட்டால் சுட வேண்டாம்.

அரைத் தானியங்கித் துவக்கு என்றால் இன்னும் கவனம். 2020 மே 1 அன்று ஏறத்தாழ 1,500 மாதிரிகள் தடைசெய்யப்பட்டன. 2024 டிசம்பரிலும் 2025 மார்ச்சிலும் பட்டியல் நீண்டது. பண்ணைக்காரர்கள் பலர் வைத்திருந்த ரூகர் மினி-14 முதற் பட்டியலிலேயே போய்விட்டது. அதை இன்னும் அலுமாரியில் வைத்துக்கொண்டு "நல்ல துவக்கு, மாற்றுகிறாயா" என்று கேட்கும் அப்பாவிகள் இருக்கிறார்கள். தடைசெய்யப்பட்டதைக் கைமாற்ற முடியாது. ஆர்சிஎம்பி-யின் (கனடாவின் மத்திய பொலிஸ்) துவக்கு விபர அட்டவணை இணையத்தில் பொதுவில் இருக்கிறது. தயாரிப்பாளர் பெயரும் மாதிரியும் இட்டுத் தேடுங்கள். போல்ட்டை இழுத்துச் சுடும் வழக்கமான வேட்டைத் துவக்காக இருந்தாலும் ஐந்து நிமிடம் செலவழித்துப் பார்ப்பது நல்லது.

7. பத்திர வேலை: ஒரு மாற்று, இரண்டு இலக்கம்

பலர் சறுக்கும் இடம் இது, நானும் சறுக்கினேன். சட்டத்தின் கண்ணில் விற்பதும், பண்டமாற்றுச் செய்வதும், சும்மா கொடுப்பதும் ஒன்றுதான், மூன்றும் கைமாற்றம். 2022 மே 18-இல் இருந்து, சாதாரண வேட்டைத் துவக்கைக் கொடுப்பவர், வாங்குபவரின் அனுமதி செல்லுபடியாகிறதா என்று கனேடியத் துவக்குத் திட்ட அலுவலகத்திடம் கேட்டு ஒரு குறிப்பு இலக்கம் பெற வேண்டும். இணையத்திலும் பெறலாம், தொலைபேசியிலும் பெறலாம். கட்டணம் இல்லை. இலக்கம் 90 நாட்களுக்குச் செல்லும். வாங்குபவரின் அட்டை இலக்கம் தேவை. அட்டைப் படத்தில் இருப்பவர்தான் எதிரே நிற்பவர் என்று நீங்களும் பார்த்துத் திருப்திப்பட வேண்டும்.

மாற்று என்றால் இருவரும் கொடுப்பவர்கள், இருவரும் வாங்குபவர்கள். ஆகவே அவர் உங்களுக்காக ஓர் இலக்கம் எடுக்க வேண்டும், நீங்கள் அவருக்காக ஓர் இலக்கம் எடுக்க வேண்டும். ஒன்று போதும் என்று நினைத்து, முதல் தடவை நான் இரண்டு மணி நேரம் ஓட்டிப் போனேன். அங்கே போய் அவருக்கான இலக்கத்தைக் கேட்டபோதுதான் அவருடைய அட்டை இரண்டு வாரத்துக்கு முன் காலாவதியானது தெரிந்தது. அவருக்கே தெரியவில்லை, பாவம். வெறுங்கையோடு திரும்பினேன். எனவே வீட்டை விட்டுப் புறப்படும் முன்பே இரண்டு இலக்கங்களும் இரண்டு தாளில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

மச்சானுக்கு, தம்பிக்கு, மாமாவுக்கு என்றாலும் இதேதான். "நம்ம ஆள்தானே" என்பதற்குச் சட்டத்தில் விதிவிலக்கு இல்லை.

கியூபெக் ஆளோடு மாற்றுவதென்றால் இன்னொரு படி உண்டு. அந்த மாகாணத்தில் ரைபிள்களுக்கும் தனிப் பதிவு இருக்கிறது. ஒட்டாவாவில் இருப்பவர் பாலம் கடந்து கற்றினோவில் இருப்பவரோடு பேசும்போது இதை நினைவில் வைக்க வேண்டும். அமெரிக்காவில் உள்ள உறவினரோடு மாற்றும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். எல்லை தாண்டினால் வேறு சட்டம், வேறு படிவங்கள், மிச்சமெல்லாம் அதிலேயே கரையும்.

சட்டம் கேட்காவிட்டாலும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள்: திகதி, இரண்டு துவக்குகளின் தயாரிப்பாளர், மாதிரி, காலிபர், தொடர் இலக்கம், இரண்டு குறிப்பு இலக்கங்கள், மேலதிகமாகக் கைமாறிய பணம். நாளைக்கு யாராவது அந்தத் தொடர் இலக்கத்தோடு உங்கள் கதவைத் தட்டினால் காட்டுவதற்கு வேறு ஒன்றும் உங்களிடம் இருக்காது.

8. கைமாறும் நாள்

கோப்பிக்கடை வாகனத் தரிப்பிடம் வேண்டாம். ஒரு துவக்கை உறையில் இருந்து எடுத்துக் குழலுக்குள் விளக்கடித்துப் பார்க்கும் இரண்டு மண்ணிற ஆண்களைக் கண்டால் யாராவது பொலிஸை அழைப்பார்கள். அவர்கள் அழைத்தது தவறு என்றும் சொல்ல முடியாது. சுடுதளத்தில் சந்தியுங்கள். நாள் கட்டணம் ஒன்று ஆகும். அங்கேயே மூன்று மூன்று வெடி வைத்துப் பார்த்துவிட்டு மாற்றிக்கொள்ளலாம்.

வாகனத்தில் துவக்கு வெறுமையாக இருக்க வேண்டும். ஒன்ராறியோவில், ரவை அறை காலியாக இருந்தாலும் துவக்கில் மாட்டியிருக்கும் ரவைக்கூட்டில் ஒரு ரவை இருந்தாலே அது ஏற்றப்பட்ட துவக்கு. வழியில் சாப்பிட இறங்கினால் துவக்கு பூட்டிய பின்பெட்டிக்குள் இருக்க வேண்டும். பின்பெட்டி இல்லாத வாகனம் என்றால் கண்ணுக்குத் தெரியாமல் வைத்துக் கதவுகளைப் பூட்டுங்கள்.

தூரத்தில் இருப்பவரோடு மாற்றினால் கனடாத் தபால் மூலம், பெறுபவர் கையொப்பம் இட வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுப்பலாம். பெட்டியின் வெளியில் உள்ளே என்ன என்று எழுதக் கூடாது. ரவையைத் தபாலில் போட முடியாது. முகம் பார்க்காத ஆளோடு "நீ முதலில் அனுப்பு" என்ற இழுபறி வரும். அப்போது இருவரும் ஒரே நாளில் அனுப்பித் தடமறியும் இலக்கத்தைப் பரிமாறிக்கொள்வது ஒன்றுதான் வழி.

வீட்டுக்கு வந்ததும் விசைப் பூட்டு, அல்லது பூட்டிய அலுமாரி. பழைய துவக்கின் வடிவுக்கு வெட்டிய பஞ்சுப் பெட்டியில் புதியது அடங்காமல் இரவு முழுக்கப் பூட்டில்லாமல் வெளியே கிடந்தால் அது குற்றம்.

9. எப்போது செய்வது

ஒன்ராறியோவின் பெரும்பாலான பகுதிகளில் ரைபிள் மான் பருவம் நவம்பரை ஒட்டி வருகிறது. செப்டம்பர், ஒக்டோபரில் கடைகளில் நெரிசல்; .308 ரவைகூடச் சில வாரம் தீர்ந்துபோகும். திருத்துநர் மூன்று வாரத்துக்குப் பிறகு வா என்பார். நான் கவனித்த அளவில், பருவம் முடிந்து டிசம்பரில் இருந்து பெப்ரவரி வரைதான் பழைய துவக்குகள் அதிகமாக வெளியே வருகின்றன. மனம் உடைந்தவர்களும் கிறிஸ்மஸ் செலவுக்குக் காசு தேவைப்பட்டவர்களும் அப்போதுதான் விற்கிறார்கள்.

மாற்றிய பிறகு 25 யாரில் தொடங்கி, கடதாசியில் விழுகிறது என்று கண்ட பின் 100 யாருக்குப் போங்கள். குழல் சூடாகாமல் மூன்று வெடிக்கு ஒருமுறை ஆறவிடுங்கள். எனக்கு ஸ்கோப்பைச் சீர்செய்ய ஒன்றரைப் பெட்டி ரவை போதும் என்று நினைத்தேன், மூன்று ஆனது. மேசையில் மணல்மூட்டை வைத்துச் சுட்டது போதாது என்று, மேலங்கியோடு முழங்காலில் நின்றும் மரத்தில் சாய்ந்தும் இன்னும் நாற்பது ரவை சுட்டேன். யூன் கடைசிக்குள் இதை முடித்துவிட்டால், போலி ரவை விளையாட்டை ஓகஸ்ட்டில் இன்னொரு முறை ஆடிப் பார்க்க நேரம் இருக்கும். நான் ஆடியபோது குழல் அசையவில்லை.